கமரா யாருடைய கையில்?

சென்னையில் நடந்த ஆசிரியர் ஒன்றுகூடல் ஒன்றில், மதியச் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மையார் மிகுந்த பரிவோடு கேட்டார்: “உங்க ஊர்ல சின்னப் பசங்க கையில கேமரா குடுக்கிற அளவுக்கு வந்தாச்சா மேடம்? சண்டையெல்லாம் முடிஞ்சு இப்பத்தானே கொஞ்சம் மூச்சு விடுறீங்க?” கேள்வியில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் கூடச் சுட்டது. குத்திக் கேட்டிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன். பரிவுக்கு என்ன மறுமொழி சொல்வது? சாம்பாரை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், கடல் பக்கத்து எழுவான்கரையிலும் மேற்குப் பக்கத்துப் படுவான்கரையிலும், நான் ஆசிரிய ஆலோசகராக ஓடித் திரிந்த பாடசாலைகளில், தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகள் டிஜிட்டல் கமராவைக் கையில் எடுத்துக் கனகாலம் ஆகிறது. எல்லாப் பாடசாலைகளிலும் என்றால் அது பொய். சில இடங்களில், சில ரீச்சர்மாரின் பிடிவாதத்தால் நடந்தது. ஆனால் படம் எடுத்தவர்கள் பிள்ளைகள். என் கணக்கில் அதுதான் பெரிது.

கமரா எங்களிடம் வந்த வழி அவ்வளவு பெருமைக்குரியதல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியையும் கல்லடியையும் கடல் அடித்துப்போன பிறகு, எங்கள் ஊர்களுக்கு வந்த தொண்டு நிறுவனக்காரர் எல்லாருடைய கழுத்திலும் ஒரு கமரா தொங்கியது. பிள்ளைகள் புத்தகப்பையை வாங்கும்போது ஒரு படம், பையைத் தோளில் போடும்போது ஒரு படம். பையில் நிறுவனத்தின் பெயர் தெரிய வேண்டும், பிள்ளை சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் இன்னொரு தரம். சில வருசங்களில் அந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அலுவலகத்தை மூடின. அப்படி மூடிய ஒன்று மேசை, அலுமாரி, தண்ணீர்த் தாங்கியோடு சேர்த்து ஒரு சின்ன வெள்ளிநிறக் கெனன் கமராவையும் படுவான்கரைப் பாடசாலை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு பென் பற்றரியில் ஓடும் வகை. அதிபர் அதைப் பொருட்பதிவேட்டில் ஏற்றி இரும்பு அலுமாரிக்குள் பூட்டினார். இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் மட்டும் அது வெளிச்சம் காணும்.

அதை வகுப்புக்குக் கொண்டுவந்தவர் தரம் இரண்டு ரீச்சர். “உடைஞ்சா என்ட சம்பளத்தில கட்டுறன் சேர்” என்று அதிபரிடம் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் எடுத்தார். அந்தக் கையெழுத்து இன்றும் பதிவேட்டில் இருக்கிறது.

எங்கள் ஆரம்பக் கல்வியில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்று ஒரு பாடம் உண்டு. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுவதும் கொண்டுவந்த சீர்திருத்தத்தோடு வகுப்பறைக்குள் வந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றும் கலந்து போக வேண்டும். பிள்ளை வகுப்பறைக்கு வெளியே போய்ப் பார்த்து, தொட்டு, வந்து சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது 2003இல்தான், மாநிலம் முழுக்கப் பரவியது 2007இல் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தரம் இரண்டின் செயற்றிட்டத்துக்கு ‘எங்கள் வாவி’ என்று பெயர். வகுப்புக்கு ஒரேயொரு கமரா. ஒரு பிள்ளைக்கு மூன்று படம். கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் யாரும் தொடக்கூடாது. அழுத்துவதற்கு முன்னர் எதை எடுக்கப்போகிறேன் என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் ரீச்சரின் கெட்டித்தனம் முழுவதும் இருந்தது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, “நான் கொக்க எடுக்கப்போறன், அது பறக்கக்குள்ள” என்று முழு வசனம் சொன்னதை நானே கேட்டேன். சொல்லாவிட்டால் கமரா கைக்கு வராதே.

தொழில்நுட்பச் சங்கடங்களும் இருந்தன. ஆறு வயதுப் பிள்ளை விசையை அழுத்தும்போது கமரா முழுவதும் முன்னால் சாயும். முதல் கிழமைப் படங்களில் பாதி வெறும் நிலம், மீதியில் ஒரு மூலையை விரல் மறைத்திருக்கும். ரீச்சர் பிள்ளைகளைக் குந்தவைத்து, முழங்கையை முழங்காலில் ஊன்றப் பழக்கினார். பாதி அழுத்து, பச்சைப் பெட்டி தெரியட்டும், பிறகு மிச்சத்தையும் அழுத்து. இந்தப் ‘பச்சைப் பெட்டி’ பிள்ளைகளின் பேச்சில் அப்படியே ஒட்டிக்கொண்டது. எதையாவது உற்றுப் பார்க்கச் சொன்னால் “ரீச்சர், பச்சப் பெட்டி வந்துட்டு” என்பார்கள். பத்து மணிக்குப் பிறகு வாவிக்கரை வெயிலில் கமராவின் திரையில் ஒன்றும் தெரியாது. ஆகவே காலைக் கூட்டம் முடிந்ததும் புறப்பட வேண்டும்.

படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வாவி புதிதாகத் தெரிந்தது. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு, பாதை என்று நாங்கள் சொல்லும் துறைப்படகில் ஏறிப் போய்வந்த காலம் முழுவதும் நான் பார்த்த வாவி மேலிருந்து பார்த்த வாவி: அகலமான தண்ணீர், தூரத்தில் தென்னை, வானம். பிள்ளைகளின் வாவி மூன்றடி உயரத்தில் இருந்தது. தோணியின் அடிப்பக்கம், அதில் ஒட்டிய மட்டி. கண்டல் வேருக்குள் ஒளிந்த நண்டு. இறால் வடிக்கும் அத்தாங்கின் கண்ணிகள், கிட்டத்தில். ஆற்றுவாழைக்குள் சிக்கிய ஒரு செருப்பு. ஒரு பெடியன் எடுத்திருந்தது வெறும் இரண்டு கால்கள், முழங்கால் வரை சேறு.

“இது ஆருட கால் மனே?”

“அப்பாட. வல இழுத்துட்டு வந்தவர். சேறு காயல்ல.”

“முகத்த எடுக்கல்லயா?”

“முகம் எனக்கு எட்டல்ல ரீச்சர்.”

மூன்று படத்தில் ஒன்றைத்தான் ஸ்ரூடியோவில் பிரிண்ட் போடக் காசு இருந்தது. எதை என்று பிள்ளையே தெரிவுசெய்ய வேண்டும். தெரிவுசெய்த படத்தை டிமைத்தாளில் ஒட்டி, பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே ரீச்சர் பெரிய எழுத்தில் கீழே எழுதினார். ‘அப்பாட கால். சேறு காயல்ல.’ அந்தத் தாள்களைச் சேர்த்துக் கட்டியதுதான் அந்த வகுப்பின் வாசிப்புப் புத்தகம். எழுத்துக்கூட்டத் தடுமாறிய பிள்ளைகளும் தங்கள் பக்கத்தைத் தடக்காமல் வாசித்தார்கள். வாசித்தார்களா, மனப்பாடம் சொன்னார்களா என்று வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் கேட்டார். ஆறு வயதில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு மிக மெல்லியது என்று யாராவது அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கலாம். அன்று என் வாய் வரவில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டேன். எங்கே போகலாம் என்று கேட்டவர்களிடம் பழவேற்காடு என்றேன். காரணம் எளிது. அதுவும் கடலோடு வாய் திறந்த உவர்நீர்ப் பரப்பு. அங்கேயும் இறால், நண்டு. அங்கேயும் ஒல்லாந்தர் கோட்டை கட்டியிருந்தார்கள், அவர்களின் கல்லறைகள் இன்றும் உண்டு. எங்களிடம் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டை இருக்கிறது. கல்லறை பழவேற்காட்டுக்காரருடையது அழகு, கோட்டை எங்களுடையது முழுசு. பொன்னேரியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடவேளை முடிந்திருந்தது. மாலைக்குள் சென்னைக்குத் திரும்ப வேண்டும். ஆனாலும் ஒரு வகுப்பறையின் மணம் வாசற்படியிலேயே தெரிந்துவிடும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டிருந்தார்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம். வயிறு நிறைந்த வகுப்பின் அமைதி வேறு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொறாமையாக இருந்தது. நாங்கள் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று நாக்குப் புரளாத பெயரோடு மல்லுக்கட்டுகிறோம். பாடப்புத்தகத்தில் 2018இலிருந்து அச்சிட்டு வரும் சதுரக் குறியீட்டுக்கு நேரே போனைப் பிடித்தால் காணொளி வருகிறது. ஆசிரியையின் மேசையில் அரசாங்கம் கொடுத்த கையடக்கக் கணினி. அதில் கமரா, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று. எங்கள் படுவான்கரை ரீச்சர் இதைக் கண்டால் என்னவெல்லாம் செய்வார் என்று என் மனம் ஓடியது.

அந்தக் கமரா என்ன செய்தது? பிள்ளைகள் சார்ட் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். “கையத் தூக்கு, இன்னும் மேல, மூஞ்ச மறைக்காத.” ஒரு படம். மேலே அனுப்பியாயிற்று. பிறகு சின்னக் குழுவாக உட்கார்ந்து அட்டை அடுக்கினார்கள். அதற்கும் ஒரு படம். ஒரு சிறுமி திரையை எட்டிப் பார்க்க வந்தாள், “போய் உக்காரு” என்றதும் போய் உட்கார்ந்தாள்.

பிள்ளைகளிடம் ஒருநாள் கொடுத்துப் பார்க்கலாமே என்றேன். அந்த இளம் ஆசிரியை சிரித்தார். “ஆசதான் மேடம். கீழ விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? அதுவும் இல்லாம வருகைப்பதிவு, மதிப்பீடு எல்லாம் இதுலதான். போட்டோ ஏத்தலேன்னா வேல செய்யலேன்னு ஆயிடும்.” அவர் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்களூர் ரீச்சர் கையெழுத்து வைத்தாரே என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

எங்களிடமும் இந்தப் படப்பிடிப்பு இல்லாமல் இல்லை. தரம் ஒன்றுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா, சிறுவர் சந்தை, வாசிப்பு மாதம், எதுவானாலும் பதாகைக்கு முன்னால் அதிதிகள், அதிதிகளுக்கு முன்னால் பிள்ளைகள், அன்று பின்னேரமே முகநூலில். சிறுவர் சந்தையில் ஒரு பிள்ளை தன் தோட்டத்துக் கத்தரிக்காயைக் கூறுபோட்டு விற்று மிச்சக்காசு எண்ணும் காட்சியை விட்டுவிட்டு, நாடா வெட்டும் கையைத்தான் படம் எடுப்பார்கள். ஆனாலும் அங்கே அது ஒரு ஒழுங்கு, இங்கே அது ஒரு விழாக்கால வியாதி. இரண்டையும் ஒரே தராசில் போட எனக்கு மனமில்லை.

பேச்சும் இரண்டு கரையாகவே கிடக்கிறது. நான் ‘செயற்றிட்டம்’ என்றால் பழவேற்காட்டு ஆசிரியை ‘செயல்திட்டம்’ என்கிறார், எங்கள் சுற்றாடல் அங்கே சூழ்நிலையியல், அதிபர் தலைமை ஆசிரியர், தரம் வகுப்பு, பிரிஸ்டல் போட் சார்ட். முகத்துவாரத்தில் 1913இல் கட்டிய எங்கள் வெளிச்சவீட்டைப் பற்றிச் சொன்னேன். யாருடைய வீடு என்று கேட்டார்கள். கலங்கரை விளக்கம் என்றதும் புரிந்தது. பழவேற்காட்டை ஏரி என்கிறார்கள். உப்புத் தண்ணீரை எப்படி ஏரி என்பது? வாவி என்ற சொல்லைக் கேட்டதும் “எவ்ளோ அழகான தமிழ், பேசிக்கிட்டே இருங்க மேடம்” என்றார் ஒருவர். பாட்டுப் போட்டிக்கு வந்த பிள்ளையைப் போல நின்றேன். இவ்வளவுக்கும், தமிழில் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கு 1936இல் சென்னையில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்து கல்லடியில் வாழ்ந்த எங்கள் விபுலாநந்த அடிகள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவர்தான். விஞ்ஞானம் படித்த துறவி. இதை அந்த மதியச் சாப்பாட்டு வரிசையில் சொல்லியிருக்கலாம். சாம்பார் ஆறியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் கைக்குக் கமரா போவதற்கு அங்கே இல்லாத ஒரு தடை இருந்தது. போர்க்காலத்தில் கமரா வைத்திருப்பவர் சந்தேகத்துக்குரியவர். பாலத்தை எடுக்காதே, முகாமை எடுக்காதே, சீருடைக்காரரை எடுக்காதே. 2007இல் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்து அகதி முகாம்களில் இருந்து திரும்பியபோது, படம் என்றாலே அடையாள அட்டைக்கும் பதிவுக்கும் பிடிக்கிற படம்தான். நேரே பார், சிரிக்காதே. ஒருபுறம் சிரிக்கச் சொல்லும் கமரா, மறுபுறம் சிரிக்காதே என்னும் கமரா. இரண்டிலும் பிள்ளைக்கு வேலை நிற்பது மட்டும். பாடசாலைக் கமராவோடு மண்முனைத் துறையைக் கடக்கும்போது ரீச்சர் அதிபரின் கடிதம் ஒன்றைக் கைப்பைக்குள் வைத்திருப்பார். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் துறையும் இல்லை, கடிதமும் தேவைப்படவில்லை.

தாய்மாரும் முதலில் பயந்தார்கள். எங்கட படத்த எங்க குடுப்பீங்க என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, இன்றைய முகநூல்காரர்களிடம் யாரும் கேட்காத கேள்வி. பிறகு அவர்களில் ஒருத்தி வேறு ஒன்று கேட்டு வந்தாள். எழுவான்கரையில் கடலோரம் இருந்த அவளுடைய தாய்வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. கலியாணப் படமும் கடலோடு போயிற்று. மகள் எடுத்த மூன்று படத்தில் ஒன்றில் அம்மம்மா பாக்கு வெட்டுகிறார், முகம் பாதிதான். அதை இன்னொரு பிரிண்ட் போட முடியுமா? ரீச்சர் போட்டுக் கொடுத்தார். ஏழு வயதுப் பிள்ளை எடுத்த படம் கடலுக்குப் பிறகு அந்த வீட்டின் முதல் குடும்பப் படமாயிற்று. இதைத் தமிழ்நாட்டில் யாருக்காவது சொன்னால் உடனே கண்கலங்குவார்கள், அதனால்தான் சொல்லவில்லை. எனக்கு அங்கே பேச வேண்டியிருந்தது பாக்குவெட்டியைப் பற்றி: அந்தப் பிள்ளை கையையும் பாக்குவெட்டியையும் நடுவில் வைத்து, முகத்தை ஓரத்தில் விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டபோது, “வேல அங்கதானே நடக்குது” என்றாள்.

உலகத்தில் இது புதிய கதை அல்ல. சோனி நிறுவனம் 1997இல் மவிக்கா என்ற கமராவை விற்றபோது, படம் நேரே பிளொப்பித் தட்டில் பதிந்ததால் அமெரிக்க வகுப்பறைகள் அதைத் தேடி வாங்கின. வயரும் இல்லை, ஸ்ரூடியோவும் இல்லை. இத்தாலியின் ரெஜியோ எமிலியா முன்பள்ளிகளில் லோரிஸ் மலகுஸ்ஸியின் வழியைப் பின்பற்றும் ஆசிரியர்கள், பிள்ளை ஒரு வேலையைச் செய்யும் வழியைப் படமாகவும் அதன் சொற்களாகவும் சுவரில் ஏற்றி, பிள்ளைக்கே திருப்பிக் காட்டுகிறார்கள். வெண்டி எவால்ட் என்ற அமெரிக்கர் குஜராத் கிராமமொன்றின் பிள்ளைகளுக்குக் கமரா கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களையும் சொன்னவற்றையும் 1996இல் நூலாக்கினார். கொல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதிப் பிள்ளைகளிடம் கமரா கொடுத்த ஆவணப்படம் 2005இல் ஒஸ்கார் வாங்கியது. அந்தப் படம் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிள்ளைகள் எடுத்த படங்களைவிடப் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவரின் கதை அதில் பெரிதாகிவிட்டது.

இந்தியா என்றால் நான் பார்த்த ஒரு வகுப்பறை மட்டும்தானா என்று யாராவது கேட்கக்கூடும். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன் எம். பழனிக்குமார். கையால் மலம் அள்ளுவோர் பற்றி 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். வடசென்னை வியாசர்பாடியிலும் பிற இடங்களிலும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். தங்கள் வாழ்வைத் தாங்களே எடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாதம். கேரளத்தில் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்குப் பெரிய கமராக்களே வந்திருக்கின்றன. சென்னைப் புகைப்பட இருவாண்டுக் கண்காட்சிக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறார்கள். எல்லாம் மெச்சத்தக்கவை. ஆனால் பழனிக்குமாரின் மாணவர்கள் கொஞ்சம் வளர்ந்தவர்கள், கேரளத்துத் திட்டம் உயர்நிலைப் பள்ளிக்கு. ஆறு வயதில் பாடநூலோடு சேர்த்து, சாதாரண வகுப்பறையில், சாதாரண ரீச்சர் செய்தது எங்கள் பக்கத்தில்தான் என்று நான் இன்னும் பிடிவாதமாகச் சொல்வேன்.

அந்தத் துணிவு எங்களுக்கு எங்கிருந்து வந்தது? 1996இல் மட்டக்களப்பு நகரில் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் மற்றவர்களும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை உண்டாக்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து களிமண் பிசைந்து, படம் கீறி, கதை சொல்லிப் போவார்கள். கமரா அங்கே பெரிதல்ல. ஆனால் பிள்ளை செய்ததைப் பெரியவர் திருத்தாமல் பார்க்கலாம் என்பதை எங்கள் தலைமுறை ஆசிரியர் பலர் அங்கேதான் கண்டோம். அந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில் வைக்கத் தமிழ்நாட்டில் எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, சொல்பவர்கள் சொல்லட்டும்.

இனி எங்கள் குறை. தரம் நான்குக்கு வந்ததும் கமரா மறைந்துவிடுகிறது. தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பூதம் வாசலில் நிற்கும்போது, எந்தத் தாய் தன் பிள்ளையை நண்டு படம் எடுக்க அனுப்புவாள்? அந்த விசயத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளை கொடுத்துவைத்தது; பத்து வயதில் நாடளாவிய போட்டி கிடையாது. இன்னொன்று, 2022 நெருக்கடியில் பரீட்சைத் தாளுக்கே கடதாசி இல்லாமல் போனபோது படப் பிரிண்ட் கனவாயிற்று. அந்த வெள்ளிநிறக் கெனனும் கண்ணாடி வெளியே வந்தபடி இறுகிப்போய், இப்போது மறுபடி அதே இரும்பு அலுமாரிக்குள். பொருட்பதிவேட்டில் ‘பழுது’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

இப்போது வேலை போனில் நடக்கிறது. போன் கமராவைவிட வசதி என்பார்கள். தரம் இரண்டுக்கு அது வசதியே அல்ல. வழுக்கும், பிடிக்கக் கயிறில்லை, ஒரு தட்டுத் தட்டினால் பத்துப் படம். மூன்று படம் என்ற விதி அங்கே நிற்பதில்லை. எடுக்கிற நேரத்தில் யாராவது கோல் எடுப்பார்கள், வட்ஸ்அப்பில் யாரோ காலை வணக்கம் போடுவார்கள். எங்கள் ரீச்சர்மார் சிலர் பழைய போன் ஒன்றிலிருந்து சிம்மைக் கழற்றி, எல்லாச் செயலியையும் அழித்துவிட்டுக் கமராவாக மட்டும் வைத்திருக்கிறார்கள். பின்னால் றப்பர் பட்டி ஒன்றைச் சுற்றி, அதில் சப்பாத்துக் கயிறு கட்டியிருக்கிறது. மூன்று விதியும் அப்படியே. பிரிண்டுக்குப் பதிலாக வகுப்புச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டிக் காட்டுவதும் உண்டு. ஆனால் டிமைத்தாளில் ஒட்டிய படத்தை விரலால் தொட்டு வாசித்த மாதிரி வராது என்று அந்தத் தரம் இரண்டு ரீச்சரே சொல்கிறார்.

பழவேற்காட்டு ஆசிரியையை நான் இன்னும் விடவில்லை. றப்பர் பட்டி, சப்பாத்துக் கயிறு, மூன்று விதி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். போன மாதம் அவர் ஒரு சனிக்கிழமை தன் சொந்தப் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார். படங்கள் வந்தன. தூரத்தில் புள்ளியாய்ப் பூநாரைக் கூட்டம், கிட்டத்தில் ஐஸ் பெட்டிக்குள் நண்டின் கண், ஒரு பாட்டியின் கையில் வலை பின்னும் ஊசி. ஊசிப் படம் எங்கள் பாக்குவெட்டிப் படத்துக்கு இளைத்ததல்ல. கொஞ்சம் கூடக்கூட இருக்கலாம். எங்கள் பிள்ளைகள் பதிலுக்கு அனுப்ப வேண்டும் என்று பேச்சு.

ஆனால் நாட்காட்டி ஒத்துவரவில்லை. இரண்டு வாவியையும் நிரப்புவது ஒரே வடகீழ்ப் பருவமழை. பள்ளிக்கூடம் மட்டும் இங்கே ஜனவரியில் தொடங்குகிறது, அங்கே ஜூனில். எங்கள் பக்கம் மாரி வெள்ளம் வற்றி, கால்கோள் விழா முடிந்து, பிள்ளைகள் பச்சைப் பெட்டியைப் பழகிப் படம் தெரிந்து முடிக்கச் சித்திரைப் புத்தாண்டு வந்துவிடும். அப்போது அங்கே ஆண்டு இறுதித் தேர்வு, பிறகு கோடை விடுமுறை. திறக்கும்போது அந்தப் பிள்ளைகள் அடுத்த வகுப்பில் இருப்பார்கள். “மார்ச் முதல் வாரத்துக்குள்ள அனுப்பிடுங்க மேடம்” என்று எழுதியிருக்கிறார். படுவான்கரை ரீச்சருக்குச் சொல்லிவிட்டேன். பெப்ரவரியிலேயே கரைக்கு இறங்கினால் சேறு முழங்காலுக்கு மேலே வரும், பெற்றாரிடம் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறார். கடிதத்தை நான் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.